ஹவுத் மலைக்குக் குடை வேண்டாம்
சனிக்கிழமை அயர்லாந்தில் டப்ளின் பக்கத்திலுள்ள ஹவுத் கடலோர மலைக்கு நடக்கப் போகிறீர்கள், முன்னறிவிப்பு மழை, வெயில், மழை என்று காட்டுகிறது, குடையும் ஜீன்ஸும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கடலோரப் பாறை விளிம்பில் அடிக்கும் காற்றில் குடை பாய்மரம் மாதிரி உங்களையும் சேர்த்து இழுக்கும். முதல் நாள் நானும் குடையோடு போனவன்தான், கம்பிதான் மிஞ்சியது! தலைமூடி உள்ள மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நனைந்த ஜீன்ஸ் லேசில் காயாது, குளிர் ஏறிவிடும். நைலான் பேன்ட் நல்லது. பையில் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி.

சரி, வழி. ஹவுத்தின் டார்ட் (டப்ளின் புறநகர் ரயில்) நிலையத்திலிருந்தே கிளம்பலாம். ஊதா அம்புக்குறிப் பாதை 12 கி.மீ.; பச்சை அம்புக்குறி சுமார் 6 கி.மீ., இரண்டு மணி நேரம். முதல் தடவை என்றால் பச்சை போதும். அதில் பெய்லி கலங்கரை விளக்கமும் கண்ணில் படும். வானம் மோசமானால் மேலே சம்மிட்டிலிருந்து எச்3 பேருந்தில் இறங்கிவிடலாம்.

காலையில் அயர்லாந்து வானிலை நிறுவனமான மெட் ஏரனின் மழை ரேடாரைப் பாருங்கள். மழையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்: காற்றுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் போகவே வேண்டாம்.