உட்சுவர்ப் பூச்சு வழவழப்பாக அமைய: கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்தில் நெடுங்காலமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்துவரும் ஒருவர், வீடு கட்டுவோரின் ஐயங்களுக்கு விடையளிக்கிறார்.

காட்பாடியிலிருந்து: ஐயா, படுக்கையறைச் சுவர் பளபளவென்று இருக்க வேண்டும் என்றேன். எங்கள் மேஸ்திரி ஈரப் பூச்சின்மேல் உலர்ந்த சிமென்டைத் தூவிக் கரணையால் தேய்க்கிறார். சரிதானா?

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிமென்ட் மிகுந்த கலவை காயும்போது மிகுதியாகச் சுருங்கும். ஆகவே தூவிய சிமென்ட் மேலே ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, அடியிலுள்ள கலவையைவிடக் கூடுதலாகச் சுருங்கி, சில வாரங்களில் சிலந்தி வலை போன்ற மயிரிழை வெடிப்புகளைக் காட்டும். அந்த வழுக்குப் பரப்பில் பின்னர் பூசும் பட்டியும் (வண்ணம் அடிக்குமுன் பூசும் மாவுப் பசை, ‘வால் புட்டி’) உறுதியாகப் பிடிக்காது.

முதலில் தூக்குக்குண்டு பிடித்து, சுவரில் ஆங்காங்கே ஒரே மட்டத்தில் கலவைப் புள்ளிகள் வைத்து, அவற்றை அளவாகக் கொண்டு மட்டக்கோலை இழுக்க வேண்டும். கோலுக்கு எட்டாத பள்ளங்களை அப்போதே நிரப்பி, கலவை சற்று இறுகத் தொடங்கும் வேளை பார்த்து மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமனாக்கும் கைப்பிடிப் பலகை) வட்டமாகத் தேய்த்தால் போதும். மிச்ச வழவழப்பைப் பட்டி தரும். ஆனால் இரண்டு பூச்சும் சேர்ந்து சுமார் 1.5 மி.மீ. கனமே வரும் பட்டியால் கோணல் சுவரை நேராக்க முடியாது. அந்த ஆசையில் மூட்டை மூட்டையாகப் பட்டி வாங்கியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து: கலவையின் அளவும் பூச்சின் கனமும் எவ்வளவு?

செங்கல் உட்சுவருக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல், கனம் 12 மி.மீ.; மேல்தளத்தின் அடிப்பக்கத்துக்கு 1:4, கனம் 6 மி.மீ. தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். இறுகியதை மறுபடி தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து: பாலாற்று மணலுக்கு வழியில்லை. பாறையை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் மணலில் பூசலாமா?

எம் சாண்ட் கான்கிரீட்டுக்கு உரியது. பூச்சுக்கு அது சொரசொரப்பாக நிற்கும். 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த பி சாண்டையே, அதாவது பூச்சுக்கென்று செய்யும் நுண்மணலையே வாங்குங்கள். கல் உடைக்கும் ஆலைத் தூசியை அந்தப் பெயரில் விற்பவர்களும் உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் மணலும் தண்ணீரும் இட்டுக் குலுக்கி வைத்து, மேலே தடித்த மாவுப் படலம் படிகிறதா என்று பாருங்கள். அந்த மாவு மிகுந்தால் கலவை கூடுதல் தண்ணீர் கேட்கும். கூடுதல் தண்ணீர் வெடிப்பில் முடியும்.

ஆம்பூரிலிருந்து: பூசிய மூன்றாம் மாதத்தில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்தினோம்.

தோல் பதனிடும் தொழிலால் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறியிருப்பது நீங்கள் அறிந்ததே. நீரில் கரைந்த உப்பு, சுவர் காயக் காய ஈரத்தோடு மேலேறிப் பரப்பில் தங்கிவிடுகிறது. செங்கல்லிலேயே உப்பு இருந்தாலும் இதே விளைவுதான். கழுவாதீர்கள், கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே இறங்கும். உலர்ந்த தூரிகையால் தட்டியெடுத்து, பூப்பது முற்றிலும் நின்ற பிறகே பட்டி பாருங்கள். அடுத்த அறைக்குக் குடிக்கத் தகுந்த நீரையே கலவைக்குப் பயன்படுத்துங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: கத்திரி வெயிலில் பூசினோம். தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக வெடித்துள்ளது. வெயில்தான் காரணமா?

நேர்கோடாக வெடித்திருப்பதால் முதற்காரணம் வெயிலன்று. கான்கிரீட்டும் செங்கல்லும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பூசுமுன் தூணின் பரப்பைக் கொத்திவிட்டு, இணைப்பின் இருபுறமும் சுமார் ஆறு அங்குலம் படியுமாறு கோழிவலை அடித்திருக்க வேண்டும். இப்போது அந்தப் பட்டையளவு பூச்சை வெட்டியெடுத்து, வலை அடித்துப் பூசுவதே தீர்வு. மின்குழாய்க்காக வெட்டி மூடிய இடங்களுக்கும் இது பொருந்தும். ஆயினும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், செங்கல்லை முன்கூட்டியே நனைக்காமலும், பூசிய சுவருக்கு ஏழு நாளேனும் மூன்று வேளை தண்ணீர் அடிக்காமலும் விட்டால் வேறு வெடிப்புகளும் வரும்.

ராணிப்பேட்டையிலிருந்து: ஜிப்சம் பூச்சு நல்லதா?

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நல்லது. தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை, பரப்பும் மிக வழவழப்பாக வரும். குளியலறையிலும், ஈரம் ஏறும் அடிச்சுவரிலும் வேண்டாம். ஜிப்சம் ஈரத்தில் இளகிவிடும்.