அந்தப் ‘பாவம்’ யாருடையது?

கேள்வி: பாட்டியிடம் கேட்ட கதைகளைத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ந்தவள் நான். 31 வருடம் வகுப்பிலும் கதைதான். இப்போது ஒலிப்புத்தகம் வாசிக்கவும், சொந்தமாக எழுதவும் ஆசை. குரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். 59 வயதில் இது சரிப்படுமா? ஒரு சிறுகதையை வாசித்து அனுப்பியிருக்கிறேன்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: இரண்டு முறை கேட்டேன். குரலில் குறையில்லை. நடுவே குக்கர் விசில் அடிக்கிறது, அது பெரிய விஷயமில்லை. துணி அலமாரி இருக்கிற அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடிகாலையில் பதிவு செய்தால் சரியாகிவிடும். என் வருத்தம் வேறு. ‘அவள் பேசவில்லை’ என்று எழுத்தாளர் நிறுத்திய இடத்தில், ‘பாவம், அவள் ஒன்றுமே பேசவில்லை’ என்று வாசிக்கிறீர்கள். அந்தப் ‘பாவம்’ உங்களுடையது. வகுப்பில் அப்படிச் சேர்ப்பதுதான் அழகு. அடுத்தவர் எழுதியதை வாசிக்கும்போது ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

தமிழில் வாசிப்பவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ‘என்று கிசுகிசுத்தாள்’ என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதற்குள் அந்த வசனத்தை உரத்த குரலில் முடித்திருப்பீர்கள். உங்கள் பதிவில் இரண்டு இடத்தில் இப்படி ஆகியிருக்கிறது. முன்கூட்டியே படித்து, யார் பேசுகிறார், எப்படிப் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் மைக் முன்னால் உட்காரவே வேண்டாம். ‘பாவம்’ என்று அச்சில் இருந்தால், அது செய்த பாவமா, முகபாவமா என்று தெரிந்தால்தானே உச்சரிக்க முடியும்?

அப்புறம், நீங்கள் வாசித்தது இன்றும் எழுதிக்கொண்டிருப்பவரின் கதை. அவரிடம் கேட்டீர்களா? வெளியிடுவதென்றால் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனைத் தாராளமாக எடுக்கலாம். அவருடைய வேகத்துக்கு உங்கள் மூச்சு பழகிவிட்டால் வேறு யாரை வாசிக்கவும் பயமிருக்காது.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் முப்பதைத் தாண்டித்தான் எழுத வந்தார், கரிசல் ஜனங்களின் பேச்சைக் காது நிறைய வாங்கிக்கொண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ என்று சொன்னவை பின்னால் புத்தகங்களாயின. இருவர் எழுத்திலும் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிற நினைப்பு இருக்கும். உங்கள் எதிரிலும் 31 வருடம் ஆள் இருந்தார்கள். கதை கொஞ்சம் தொய்ந்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிற பிள்ளைகள்! அதைவிடக் கறாரான விமர்சகர் யார் கிடைப்பார்?

அதனால் அந்தப் ‘பாவ’த்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சொந்தக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொன்னதில் ஒன்றை எழுதி, உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை வெட்டுங்கள். நாலு பக்கம் தேறியதும் அனுப்புங்கள். இந்தமுறை பதிவு வேண்டாம், தாள் போதும்.