ட்ரையர் ஓடுது, துணி காயல, போர்டு மாத்தச் சொல்றாக... மாத்தலாமா?

தேவகோட்டையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காக: "ஊர்ல பழைய வீட்டுல ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும்தான் இருக்காக. ஐப்பசி கார்த்திகையில துணி காயமாட்டேங்குதுன்னு ட்ரையர் வாங்கி ரெண்டாங்கட்டுல வச்சோம், பின்னாடி ஹோஸ் போட்டு காத்து வெளிய போற டைப்பு. இப்ப மூணு மணி நேரம் ஓடினாலும் துணி சூடா இருக்கு, ஆனா ஈரமாவே இருக்கு. பாக்க வந்தவரு மெஷினுக்குள்ள இருக்குற எலக்ட்ரானிக் போர்டு போயிருச்சு, 8500 ஆகும்ங்கிறாரு. மாத்திரலாமாண்ணே? அப்பறம் கண்டாங்கி சேலைய இதுல போடலாமா?"

இப்ப மாத்தாதீங்க தங்கச்சி. ட்ரம் சுத்துது, டிஸ்ப்ளே எரியுது, துணி சூடாகுது, இம்புட்டும் நடக்கணும்னா போர்டு வேலை செஞ்சாத்தான் நடக்கும். சூடு இருந்தும் காயலன்னா முதல்ல பாக்க வேண்டியது காத்து. சூடான காத்து துணிக்குள்ள போயி ஈரத்த எடுத்துக்கிட்டு ஹோஸ் வழியா வெளிய போகணும், அதுக்கு வழி அடைச்சிருந்தா இட்லிப்பானைக்குள்ள துணியப் போட்ட கதைதான், வேகுமே தவிர காயாது.

கதவுகிட்ட ஒரு பஞ்சு ஃபில்டர் இருக்கும், அத ஆத்தா ஒவ்வொரு தடவையும் எடுத்து வழிக்கிறாகளான்னு கேளுங்க. வழிச்சாலும் ஒரு சோதனை பண்ணணும், ஃபில்டர குழாய்க்கு அடியில காட்டுங்க, தண்ணி ஒடனே கீழ இறங்கணும். தேங்கி நின்னுச்சுன்னா வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர் கண்ணுக்குத் தெரியாம அதுல படிஞ்சிருக்குன்னு அர்த்தம். சோப்புத்தண்ணியும் பழைய பிரஷ்ஷும் போதும், நல்லா காயவச்சு மாட்டுங்க.

அடுத்தது ஹோஸ். எனக்கு இதுமேலதான் சந்தேகமே. நம்ம ஊர்ப்பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரு என்ன தடின்னு தெரியும், அதுல ஓட்டை போட அப்பச்சி லேசுல ஒத்துக்கமாட்டாக, அதனால ஹோஸ அங்கிட்டும் இங்கிட்டும் வளைச்சு முத்தம் வரைக்கும் இழுத்து விட்டுருவாக, நீளம் கூடக்கூட வளைவு கூடக்கூட காத்து செத்துரும், வளைவுல எல்லாம் பஞ்சு தங்கிரும். இதுல பல்லி, அணில் வரும்னு முனையில கொசுவலைய வேற கட்டிருவாக, ரெண்டே மாசத்துல அந்த வலை பஞ்சு மெத்தையாயிரும். ப்ளக்க புடுங்கிட்டு ஹோஸ கழட்டுங்க, ஜன்னலத் தொறந்து வச்சு ஹோஸ் இல்லாமலே அரை லோடு ஓட்டிப் பாருங்க. பழையபடி காஞ்சிருச்சுன்னா போர்டுக்கு ஒண்ணும் இல்ல, கோளாறு ஹோஸ்லதான். ஆனா சோதனைக்கு மட்டும்தான் அப்பிடி ஓட்டணும், தெனமும் ஓட்டினா அந்த ஈரமெல்லாம் சுண்ணாம்புச் சுவத்துலயும் தேக்குலயும் போயி இறங்கும்.

சாயங்காலம் மட்டும் காயமாட்டேங்குதுன்னா அது வோல்டேஜ். 230 வர்ற எடத்துல 180 வந்தா ஹீட்டர் சூடு கொஞ்சம் இல்ல, கிட்டத்தட்ட 60 சதவீதத்துக்கு எறங்கிரும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம், 94987 94987ல புகார் பண்ணி நம்பர் வாங்கி வச்சுக்கங்க, அதுக்கு மேல எத்தன தடவ கேக்கவைப்பாகளோ, கேட்டுக்கிட்டே இருங்க. வீட்டு ஒயரிங்கும் பழசா இருக்கும், 2000 வாட்டுக்கு மேல இழுக்குற மெஷின கன்வெர்ட்டர் ப்ளக் போட்டு 6 ஆம்ப் பாயிண்டுல சொருகாதீங்க, 16 ஆம்ப் பாயிண்ட், தனி லைன், எர்த் வேணும். ஓடும்போது ப்ளக் தொட்டா சுடுதுன்னா அன்னைக்கே நிறுத்திருங்க.

இன்னொண்ணு, இத ஆத்தாகிட்டயும் சொல்லி வைங்க. காத்து அடைச்சுக்கிட்டே ஓடினா ஒருநாள் உள்ள இருக்குற கட்டவுட், அதாவது சூடு மீறினா ஹீட்டர நிறுத்துற சின்ன சாமான், போயி சூடே வராம நின்னுரும். அப்ப சில பேரு வந்து "டைரக்ட் பண்ணிவிட்டா ஓடும்க்கா, 300 ரூவா குடுங்க"ன்னு அத பைபாஸ் பண்ணிட்டுப் போயிருவாய்ங்க. உள்ள இருக்குறது பூராம் பஞ்சு, தீ பிடிக்காம தடுக்குறதே அந்த ஒரு சின்ன சாமான்தான், ரெண்டு வயசானவுக தனியா இருக்குற வீட்டுல இத யாரு பண்ண வந்தாலும் விடாதீங்க.

அந்த மெக்கானிக் நம்பர் எங்க கெடச்சுச்சு, கூகுள்ல தேடி முதல்ல வந்த கஸ்டமர் கேர் நம்பரா? அதுல போலி ஏகப்பட்டது, கம்பெனி பேரச் சொல்லி எடுப்பான், புக்கிங்குக்கு பத்து ரூவா அனுப்புங்க, இந்த ஆப்ப போடுங்கம்பான், போட்டா பேங்க் அக்கவுண்ட் காலி. வாரண்டி கார்டுலயோ மெஷின் ஸ்டிக்கர்லயோ இருக்குற நம்பருக்கு மட்டும் பேசுங்க. விக்கிறதுக்கு ஊருக்கு ஊரு ஷோரூம் வைக்கிறாக, ரிப்பேர்னா மட்டும் ஆளு மதுரையில இருந்து வரணும், பார்ட் சென்னையில இருந்து வரணும், அந்த எரிச்சல்லதான் சனங்க இவிய்ங்ககிட்ட போயி மாட்டுது. கம்பெனி இழுத்தடிச்சா 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு. எந்தப் பார்ட் மாத்தினாலும் பில்லும் பழைய பார்ட்டும் கைக்கு வரணும்.

இத வாசிக்கிற மத்தவுக ஒண்ணு கவனிங்க, ஹீட் பம்ப் டைப்பு வச்சிருந்தா மேல சொன்ன கணக்கு அப்பிடியே பொருந்தாது. அதுல ஹோஸே கெடையாது, ஈரம் தண்ணியாகி டேங்க்ல சேரும், இல்லன்னா ட்ரெயின் பைப்புல போகும். அதுல சூடு கம்மியாத்தான் இருக்கும், ரெண்டு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும் எடுக்கும், அது கோளாறு இல்ல, அதோட தன்மையே அதுதான். "சூடு பத்தல, கேஸ் ஏத்தணும்"னு எவனாவது வந்தா ஒடனே நம்பிராதீங்க. டேங்க் நெறஞ்சிருக்கா, கதவு ஃபில்டர் போக கீழ ஒரு ஃபில்டர் இருந்தா அதுல பஞ்சு இருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க. பழைய ட்ரையர் 50 நிமிசத்துல காயவச்சுச்சே இது ஏன் இம்புட்டு நேரம்னு கேக்குறவுகளுக்கும் இதான் பதில், நேரம் கூட, கரண்ட் கம்மி.

கண்டாங்கிய போடாதீங்க தங்கச்சி. பருத்தி அந்தச் சூட்டுல சுருங்கும், சாயமும் மங்கும். வாஷிங் மெஷின்ல மெதுவா ஒரு ஸ்பின் விட்டு வளவுல நெழல்ல கொடி கட்டி ஃபேனப் போட்டுவிடச் சொல்லுங்க, மழை நாள்லயும் மறுநாளைக்குள்ள காஞ்சிரும்.