எதிரில் நின்று குத்துவதில் என்ன பதுங்கல்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். எல்லோரும் 5-ஆம் லெவல். ரோக் (நைசாகக் குத்தும் கதாபாத்திரம்) ஆடுபவர் ஒவ்வொரு ரவுண்டிலும் ஸ்னீக் அட்டாக் (பதுங்கித் தாக்குதல்) என்று மூன்று பகடையைக் கூடுதலாக உருட்டுகிறார். ஃபைட்டர் (நேருக்கு நேர் மோதும் வீரர்) ஆடுபவருக்கு ஏக எரிச்சல். ஒளிந்திருந்தால் மட்டுமே இது செல்லும் என்று விதியை மாற்றலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: மாற்றாதீர்கள். மூன்று பகடை மேசையில் சடசடவென்று உருளும்போது பெரிதாகத் தெரியும், ஃபைட்டர் தன் இரண்டு வெட்டிலும் வலிமைக்காகச் சத்தமில்லாமல் கூட்டிக்கொள்ளும் 4 யார் கண்ணிலும் படாது, அவ்வளவுதான் விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்களேன். ரேப்பியர் என்ற மெல்லிய வாளின் சராசரி டேமேஜ் (எதிரிக்கு ஏற்படும் சேதம்) 4.5, டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்புக்கு) 4, மூன்று பகடைக்கு 10.5, ஆக 19. இரு கையால் பிடிக்கும் பெரிய வாளோடு ஃபைட்டர் ஒரு வெட்டுக்கு 11, இரண்டும் பட்டால் 22. அவருக்கு ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறது, ரோக் கோட்டைவிட்டால் அந்த ரவுண்டே போச்சு. (இரண்டு கையிலும் கத்தி இருந்தால், தன் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் மறுபடி முயலலாம், ஆனால் ஓடி ஒளிய அது மிஞ்சாது.) ஸ்னீக் அட்டாக்கைப் பிடுங்கிவிட்டால் அந்த 19 வெறும் 8.5 ஆகிவிடும், அப்புறம் அவர் எதற்கு ஆட வருவார்?

குழப்பமெல்லாம் பெயரால் வந்தது. இது ஒளிந்து குத்துவது இல்லை, எதிரியின் கவனம் வேறெங்கோ இருக்கும்போது குத்துவது. அட்வான்டேஜ் (தாக்கும் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) வேண்டும், அது இல்லையென்றால் கூட்டாளி ஒருவர் எதிரிக்கு 5 அடிக்குள் நிற்க வேண்டும். அந்தக் கூட்டாளி பெரும்பாலும் உங்கள் ஃபைட்டர்தான்! 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எலும்புக்கூடு, ஸோம்பி மேலெல்லாம் இது பலிக்காது, கல்லறைக்குள் போனால் ரோக் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தக் கூத்து மறுபடி வேண்டாம்.

ஆனால் ஒன்று, இருக்கிற விதியைச் சரியாகப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு டர்னுக்கு ஒருமுறைதான், ஃபினெஸ் ஆயுதமோ (ரேப்பியர் மாதிரி லாவகமாக வீசுவது) வில் மாதிரி தூரத்து ஆயுதமோ வேண்டும், டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) இருந்தால் கிடையாது. அதே சமயம் டர்ன் (ஒருவருடைய முறை) வேறு, ரவுண்ட் (எல்லோருக்கும் ஒரு முறை வந்து முடிவது) வேறு. ஆர்க் என்ற அரக்கன் ஒன்று ஓடப் பார்க்கும்போது அதன் டர்னில் ரோக், அடுத்தவர் முறையில் சட்டென்று செய்யும் பதிலடியான ரியாக்‌ஷனாகக் குத்தினால், நிபந்தனை பொருந்துகிற வரை அங்கேயும் செல்லும், மறுக்காதீர்கள்.

அப்படியும் சண்டை சப்பென்று முடிகிறது என்றால், ஒரே பெரிய ராட்சசனை நடுவில் நிறுத்துவதை விட்டுவிட்டு நாலைந்து சின்ன எதிரிகளைப் பிரித்து வையுங்கள், இரண்டு பேரை வில்லோடு மாடத்தில் ஏற்றுங்கள். அங்கே 5 அடிக்குள் கூட்டாளி எவரும் இருக்க மாட்டார், ரோக் யோசித்துத்தான் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் இதையே செய்தால் அவர் முகம் சுருங்கிவிடும், அளவோடு.

அடுத்த முறை ஒரு துண்டுத்தாளில் இரண்டு பேருடைய டேமேஜையும் கடைசிவரை குறித்து, ஃபைட்டர் ஆடுபவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.