சொராரிட்டிக்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். வணிக மேலாண்மை படிக்க விரும்புகிறாள். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 34,000 டாலர் ஆகிறது. தென்மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் 52,000 டாலர். ஆனால் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து ஆண்டுக்கு 18,000 டாலர் உதவித்தொகை தருகிறார்கள். ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0-க்குக் கீழே போகக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு இடத்திலும் செலவு ஒன்றுதானே, அப்படியானால் சொராரிட்டி (மாணவியர் சங்க) வாழ்க்கை சிறப்பாக இருக்கும் தெற்குக்கே போகிறேன், பிற்காலத்தில் வேலைக்கும் அந்தத் தொடர்புகள் உதவும் என்கிறாள். படிப்புக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கில் 96,000 டாலர் இருக்கிறது. வீட்டுக் கடனும் இளையவனின் படிப்பும் இருப்பதால் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு 3,500 டாலருக்கு மேல் எடுக்க இயலாது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடித்த சொராரிட்டியின் கட்டணத் தாளை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய கட்டணத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு பக்கங்களைப் படித்த பிறகு, இரண்டு கல்லூரிகளுக்கும் செலவு ஒன்றுதான் என்ற உங்கள் மகளின் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் ஆசையைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த ஆசைக்குரிய செலவு கணக்கில் ஏறவே இல்லை என்பதுதான் என் கவலை.

இங்கே குடியேறி அதிக காலம் ஆகாத வாசகர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுடையது ஃப்ரட்டர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இந்தப் பெயர்ப் பழக்கத்துக்கு முன்னோடி. அது பின்னாளில் படிப்பில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்றைய சங்கங்களில் பலவற்றுக்குச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வீடு இருக்கும். உறுப்பினர்கள் அங்கே சேர்ந்து உண்டு, உறங்கி, விழாக்கள் நடத்தி, சேவைப் பணிக்கு நிதியும் திரட்டுவார்கள். சேர விரும்புகிறவர்கள் ‘ரஷ்’ எனப்படும் தேர்வுச் சுற்றுகளைக் கடந்து வர வேண்டும்.

இனி தாளுக்கு வருகிறேன். முதல் ஆண்டுக்கு மொத்தம் 6,800 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். அதற்குள் புதிய உறுப்பினர் கட்டணம், தேசியத் தலைமைக்குப் போகும் தொகை, உடையில் குத்திக்கொள்ளும் சங்கப் பதக்கத்துக்கு ஒரு தொகை, காப்பீடு, பருவச் சந்தா ஆகியவை இருக்கின்றன. இவற்றோடு, வீட்டில் தங்காதவரும் கட்ட வேண்டிய ‘வீட்டுக் கட்டணம்’ ஒன்றும், வாரத்தில் சில வேளைகள் அங்கே சாப்பிடுவதற்கான கட்டாய உணவுக் கட்டணமும் உண்டு. இந்தக் கடைசி வரியில் சற்று நிற்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் கல்லூரி விடுதியின் உணவுத் திட்டத்தையும் வாங்கியாக வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதமே சொல்கிறது. ஆகவே ஒரே மதிய உணவுக்கு உங்கள் மகள் இரண்டு இடத்தில் பணம் கட்டியிருப்பாள். தாளின் அடியில் சிறிய எழுத்தில், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்றும், விலகினாலும் கட்டிய பணம் திரும்பாது என்றும் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் சங்க வீட்டில் தங்குவது கட்டாயம்; அதற்கு 15,500 டாலர். உங்கள் 34,000 கணக்கில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஏற்கெனவே 13,500 இருப்பதால், கூடுதல் சுமை 2,000 மட்டுமே. இந்த ஓர் ஆண்டில் தாள் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வெளியே தங்கினாலும் ஆண்டுக்கு 5,600 டாலர். நான்கையும் கூட்டினால் சரியாக 20,000 வருகிறது. தாளில் இல்லாதவை தனி: ரஷ் வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு விதமான உடை, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அச்சிடும் டி-ஷர்ட்டுகள், புதியவளைத் தத்தெடுக்கும் மூத்தவள் வாங்கித் தரும் பரிசுக் கூடைகள், முழு ஆடையில் போகும் நடன விருந்துகள். இவற்றுக்கு ஆண்டுக்கு 1,200 என்று நான் வைப்பது சிக்கனமான மதிப்பீடு. ஆக 24,800. ஆண்டுக்கு நான்கு முறை வீட்டுக்கு வந்து போக விமானச் செலவு 1,600 என்றால் அதில் இன்னொரு 6,400. ‘ஒரே செலவு’ என்று சொன்ன இரண்டு கல்லூரிகளுக்கிடையே 31,200 டாலர் வித்தியாசம் வந்துவிட்டது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். சொராரிட்டியின் ஒவ்வொரு கட்டணமும் அந்தக் கேள்வியோடுதான் வரும். சேர்ந்த பிறகு எதையும் மறுக்க மனம் வராது. ஆகவே யானை வாங்கும் முன்பே அங்குசத்தின் விலையைக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. சொராரிட்டிச் சந்தா, பதக்கம், உடை ஆகிய எதற்கும் 529 கணக்கிலிருந்து வரியில்லாமல் பணம் எடுக்க முடியாது. வரிச் சட்டத்தின் பார்வையில் அவை கல்விச் செலவுகள் அல்ல. முதல் ஆண்டின் 6,800 டாலரை அதிலிருந்து எடுத்துவிட்டீர்கள், அதில் நாற்பது சதவீதம் முதலீட்டு லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2,720 டாலருக்கு வருமான வரியும் அதன்மேல் 10 சதவீத அபராதமும் விழும். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் சுமார் 870 டாலர் போய்விடும், மாநில வரி வேறு. ஆனால் சங்க வீட்டில் தங்கும் ஆண்டில், குறைந்தது பாதி நேர மாணவியாகப் பதிந்திருக்கும் வரை, தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஆகும் தொகையை, கல்லூரி தன் செலவு மதிப்பீட்டில் அதற்கு ஒதுக்கியிருக்கும் அளவு வரை, 529-லிருந்து தாராளமாக எடுக்கலாம். அதற்காகத் தங்குமிடம், உணவு, சந்தா மூன்றையும் பிரித்துக் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தொகையாக ஒற்றை வரியில் தரும் ரசீது, பின்னால் வருமான வரித் துறை கேட்கும்போது உதவாது.

சொராரிட்டி இல்லாமல் பார்த்தால் உங்கள் நிலைமை இறுக்கமானதுதான், ஆனால் சமாளிக்கக் கூடியது. நான்கு ஆண்டுகளுக்கு 136,000 டாலர்; 529-இல் இருப்பது 96,000; குறைவது 40,000. உங்கள் மகள் தன் பெயரில் மத்திய அரசின் மாணவர் கடனாக முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு 7,500 வீதம் மொத்தம் 27,000 டாலர் வாங்க முடியும்; மீதியை நீங்கள் ஒதுக்கும் 3,500 சரிக்கட்டிவிடும். நான்கு ஆண்டு முடிவில் ஆயிரம் டாலர் மிஞ்சும், அவ்வளவே. அதற்கு மேல் வரும் எந்தச் செலவும் பெற்றோர் பெயரில் வாங்கும் ப்ளஸ் கடனாகத்தான் முடியும். 2025-26 கல்வி ஆண்டில் அதன் வட்டி 8.94 சதவீதம், கடன் கொடுக்கும்போதே நான்கு சதவீதத்துக்கும் மேலாகக் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பும் வந்திருக்கிறது. 24,800 டாலரை இந்த வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 313 டாலர் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமலே மொத்தம் 37,600 டாலருக்கு வந்து நிற்கும். அந்த மாதத் தவணையைக் கட்டப்போகும் ஆண்டுகளில்தான் உங்கள் இளையவனும் கல்லூரிக்குப் போவான்.

இவ்வளவும் தெரிந்த செலவு. என்னை உண்மையில் உறுத்துவது உதவித்தொகையின் 3.0 நிபந்தனை. தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், அலபாமா உட்பட, சொராரிட்டித் தேர்வு ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. புதிய உறுப்பினர் பயிற்சி முதல் பருவத்தின் மீதே விழுகிறது. ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, இந்தச் சங்கங்களில் சேர்வது மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்றும், பயிற்சி நடக்கும் பருவத்தில் அந்தச் சரிவு கூடுதல் என்றும் கண்டார்கள். வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து, கணக்கியலும் பொருளியலும் புதிதாகப் படிக்கத் தொடங்கும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று மாதங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஆண்டு முடிவில் ஜிபிஏ 2.9 ஆகி உதவித்தொகை நின்றால், இழப்பு மீதி மூன்று ஆண்டுகளுக்கு 54,000 டாலர். ஒரு பருவம் தவறினால் மீள வாய்ப்புத் தருவார்களா, தந்தால் எத்தனை மாதம் என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடர்புகளால் வேலை கிடைக்கும் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ரட்டர்னிட்டியில் இருந்த ஆண்களின் பிற்கால வருமானம் சுமார் 36 சதவீதம் உயர்ந்தது என்றும், அவர்களின் ஜிபிஏ கால் புள்ளி குறைந்தது என்றும் சொன்னது. உங்கள் மகள் இதைப் படித்திருக்கவும் கூடும். ஆனால் அது வடகிழக்கில் உள்ள ஒரே ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களைப் பற்றியது. அதுவும் ஆண்களைப் பற்றியது. மேலே சொன்ன அரசுப் பல்கலைக்கழக ஆய்விலோ படிப்பு முடித்தவுடன் கிடைக்கும் சம்பளம் கூடியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: அந்தச் சங்கத்தின் பழைய உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து நகரங்களில்தான் வேலையில் இருப்பார்கள். உங்கள் மகள் படிப்பை முடித்து நியூயார்க்கில் வேலை தேடுவதாக இருந்தால், அந்தத் தொடர்பின் மதிப்பு பாதியாகத் தேய்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்வது அவள் கையில் இல்லை. தேர்வுச் சுற்றுகளில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் வரிசைப்படுத்துகின்றன. அவள் விரும்பும் வீடு இரண்டாம் நாளே அவளைக் கழித்துவிடலாம், எந்த அழைப்பும் வராமலும் போகலாம். பதிவுக் கட்டணம் திரும்பாது. கிடைக்குமா என்று தெரியாத ஒன்றை நன்மைப் பட்டியலில் எழுதி, அதற்காக ஆயிரம் மைல் தள்ளி நான்கு ஆண்டுகளை ஒப்புக்கொடுக்க நான் எந்தக் குடும்பத்துக்கும் ஆலோசனை சொன்னதில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சொராரிட்டியைச் செலவுப் பத்தியில் மட்டும் எழுதுங்கள். ஓர் அழைப்பும் வராவிட்டாலும் இந்தக் கல்லூரியில் மகிழ்ச்சியாக இருப்பாயா என்று அவளிடமே கேளுங்கள். சனிக்கிழமை மாலைகளில் சங்கத்தில் இல்லாத மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அங்கே படிக்கும் இரண்டு பேரிடம் விசாரித்தால், அதற்கான விடை அவளுக்கே தெளிவாகும்.

கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும் என்பதையும் அவள் அறிய வேண்டும். டார்ட்மவுத் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு முன் சேரவே அனுமதி இல்லை, ஆனால் அதன்பின் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிடுகிறார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் இத்தகைய சங்கங்களே கிடையாது. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சொராரிட்டிகள் இருக்கும். அங்கே சந்தா எவ்வளவு என்று பார்த்தாளா? தெற்காசிய மாணவிகளுக்கென்றே 1998-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் தொடங்கிய கப்பா ஃபை காமா போன்ற அமைப்புகளும் உண்டு. சொந்த வீடு வைத்துப் பராமரிக்காத சங்கங்களில் செலவு பொதுவாக வெகுவாகக் குறையும்.

ராகிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இங்கே அதன் பெயர் ஹேசிங். 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தபோது கல்லூரியில் இருந்த தலைமுறைக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃப்ரட்டர்னிட்டியின் சடங்கு இரவில் படிக்கட்டிலிருந்து விழுந்த மாணவர் ஒருவர் பின்னர் இறந்தார். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம், ஹேசிங் விதியை மீறிய மாணவர் அமைப்புகளைப் பெயர் குறிப்பிட்டுக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையில் இந்தச் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் பணக் கணக்கும் இருக்கிறது: கல்வி ஆண்டின் நடுவில் ஒரு சங்கம் இடைநிறுத்தப்பட்டு வீடு மூடப்பட்டால், உங்கள் மகள் ஒரு வாரத்தில் வேறு அறை தேட வேண்டும், கட்டிய பணம் திரும்புமா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பாடத்திட்டத்துக்காகவே தெற்குக்குப் போக அவள் விரும்பினால், போகட்டும். ஆனால் முதல் ஆண்டில் ரஷ் வேண்டாம், 3.0-ஐத் தாண்டி நிலைபெற்ற பிறகு, இரண்டாம் ஆண்டில் முயலட்டும். இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு இடங்கள் குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். சேர்ந்தால், சந்தாவில் பாதியைக் கோடைக்கால வேலையில் அவளே ஈட்ட வேண்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். சங்க வீட்டு ஒப்பந்தத்தில் பெற்றோரின் கையொப்பம் கேட்பார்கள். இடையில் விலகினால் அந்த ஆண்டு முழுவதற்கும் வாடகை கட்ட வேண்டுமா என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.