ஆறு மாத எக்ஸ்ஆர்டி கோர்ஸ்: கட்டலாமா?

உடுமலையிலிருந்து எழுதியிருந்த அண்ணாவுக்கு,

மகள் பிஎஸ்சி ஜியாலஜி இரண்டாம் வருடம். "ஆறு மாத எக்ஸ்ஆர்டி பயிற்சி, எண்ணெய்க் கம்பெனியில் வேலை" என்ற நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீங்க. இப்போதைக்கு வேண்டாங்க. எக்ஸ்ஆர்டி என்பது எக்ஸ்ரே பாய்ச்சி, பாறையில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை.

மெஷினை ஓட்டுவது பெரிய வித்தையில்லை. பாறைப் பொடியை வைத்தால் எக்ஸ்ரே பட்டு, ஒவ்வொரு கனிமமும் தனக்கான கோணத்தில் எதிரொளி காட்டும். வழக்கமான செம்பு எக்ஸ்ரே குழாயில் குவார்ட்ஸ் 26.6 டிகிரி, கால்சைட் 29.4. பொடி முகப்பவுடர் பதத்துக்கு, பத்து மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே அரைபடவில்லை என்றால் சதவீதக் கணக்கே தப்பாகிவிடும். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

களிமண் கனிமம் இன்னும் வம்பு. இரண்டு மைக்ரானுக்குக் கீழான துகளை மட்டும் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் காயவைப்பார்கள். 14, 15 ஆங்ஸ்ட்ராமில் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) நிற்கும் அடுக்கு இடைவெளி, எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஏற்றியதும் 17-க்கு விரிந்தால் அது ஸ்மெக்டைட். உங்களுக்குப் பழக்கமான சரக்குதான் அண்ணா. கரிசல் காடு மழைக்கு உப்பி, சித்திரை வெயிலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பது இதனால்தான். எண்ணெய் தேங்கிய மணற்பாறையில் இது இருந்து, நல்ல தண்ணீரும் உள்ளே போய்விட்டால், உப்பித் துளைகளை அடைத்துவிடும். எண்ணெய் வராது. கம்பெனி சம்பளம் கொடுப்பது இதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்கு.

அதற்குக் கனிமவியலும் வண்டல்பாறைப் பாடமும் ஊறியிருக்க வேண்டும். எம்எஸ்சி முடிக்கட்டும்: சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஐஐடி ஆசை இருந்தால் அங்கே எம்எஸ்சி சேர்வதற்கான ஜாம் தேர்வு. ஒன்று சொல்லிவிடுகிறேன், எண்ணெய் வேலைக்கு ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும். நம்ம பக்கம் எல்லாம் பழைய கெட்டிப் பாறை. எண்ணெய் இருப்பது காவிரி டெல்டா, கிருஷ்ணா-கோதாவரி வண்டல் படுகைகளில். வேலையிடங்களும் குறைவு. ஆனால் சிமெண்ட் கிளிங்கர், மேக்னசைட் செங்கல், மருந்துப் பொடி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கைத்தொழில் வீணாகாது.

"பொம்பளப் பிள்ளை ரிக்கில் போய் நிற்கணுமா?" என்று, எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தை நினைத்த பயமும் கடிதத்தில் தெரிந்தது. இந்த வேலை ஆய்வகத்தில்தாங்க. பாறைத் துண்டு பெட்டியில் வந்துவிடும்.

லீவுக்கு வந்தால் பாப்பாவிடம் ஒரு கைப்பிடி காட்டு மண்ணைக் கொடுங்க. கண்ணாடி டம்ளரில் கரைத்து வைக்கட்டும். மணல் உடனே இறங்கும். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். ஆய்வகத்தில் சில்லில் ஊற்றிக் காயவைப்பது அந்தக் கலங்கலைத்தான்.