பழைய காரின் சஸ்பென்ஷன்: கேட்டவையும் பதில்களும்

ஹெரால்டு, அம்பாசடர், பத்மினி வைத்திருக்கும் சென்னை நண்பர்கள் சஸ்பென்ஷன் (சக்கரங்களைக் காருடன் இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். எந்தக் காராக இருந்தாலும், தேய்ந்ததை மாற்றாமல் புதிதாக எதையும் பூட்டாதீர்கள்.

அண்ணா நகர்: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் கமான் பட்டையை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு) வளைத்துக் கட்டினோம். இப்போது கத்திப்பாரா மேம்பால வளைவில் பின்பக்கம் எழும்பி விலகப் பார்க்கிறது. ஏன் ஐயா?

பட்டையை அளவுக்கு மேல் வளைத்திருக்கிறார்கள். 1961 முதல் நம் ஊரிலேயே தயாரான கார் இது. இதன் பின் சக்கரங்கள் டிஃபரன்ஷியலை (இன்ஜினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஒட்டிய மூட்டிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் ஆடும். குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை அடுக்குதான் இரண்டையும் தாங்குகிறது. பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்வாங்கும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் மேலும் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். ஆபத்தான நிலை இது. சரிசெய்யும் வரை வேகமாக ஓட்டாதீர்கள்.

பட்டையை மீண்டும் இறக்குங்கள். முன்னால் இருவரை உட்காரவைத்துப் பின்னாலிருந்து பார்த்தால், சக்கரங்களின் மேல்பகுதி சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பார்க்கத் தளர்ந்ததுபோல இருந்தாலும் சாலையில் அதுவே பத்திரம். ஹெரால்டை முதலில் உருவாக்கிய இங்கிலாந்தின் டிரயம்ஃப் நிறுவனம் 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில், அடுக்கின் அடிப்பட்டையைத் தவிர மற்ற பட்டைகள் அசைந்து கொடுக்கும்படி மாற்றியது. அந்த வகை கிடைத்தால் நல்லது. கூடவே முன்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பாரும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குத் தண்டு) போட வேண்டும். ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கேசல் காரில் இந்தத் தொல்லையே இல்லை. அதன் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இணைந்தவை.

அவரே: முன்பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

டிரனியனை. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது வெண்கல டிரனியனுக்குள் திரும்பும். பல பட்டறைகளில் இதற்குக் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் இறுகிப்போய் மழைத்தண்ணீர் உள்ளே தங்கும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். இங்கே போக வேண்டியது 90 கியர் ஆயில். ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, மேல் விளிம்பில் புது ஆயில் கசியும் வரை ஏற்றுங்கள். வெள்ளத்தில் ஓட்டினால் அந்த வாரமே மறுபடியும். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய தண்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மரைக்குள் இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மயிலாப்பூர்: அம்பாசடரின் முன்பக்கம் வலதுபுறம் சாய்ந்திருக்கிறது. டார்ஷன் பாரை (முறுக்கினால் ஸ்பிரிங்போல எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு) முறுக்கி ஏற்றிவிடலாமா?

முதலில் குற்றவாளி அதுதானா என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்து, பின்பக்கத்தை டிஃபரன்ஷியலின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். சாய்வு மறைந்தால் பின் கமான் பட்டை தளர்ந்திருக்கிறது. மறையாவிட்டால்தான் டார்ஷன் பார். அதைக் கழற்றினால் இடது, வலது மாறாமல் பூட்ட வேண்டும். உயரத்தை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது) கட்டாயம்.

திருவான்மியூர்: பத்மினியில் எல்லா ரப்பர் புஷ்களையும் (மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் வளையங்கள்) மாற்றினேன். ஒரே மழைக்காலத்தில் கிழிந்துவிட்டன. ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போடட்டுமா?

கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு எப்போதும் அந்த இழுப்பிலேயே இருக்கும். சக்கரங்கள் தரையில் நிற்க, காரின் எடை முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. பாலியூரித்தேனை ஆன்டி ரோல் பாருக்கு மட்டும் போடுங்கள். மற்ற இடங்களில் ரப்பரே போதும், குலுங்கல் குறையும்.

பெரம்பூர்: தாழ்வாகத் தெரிய பத்மினியின் முன் ஸ்பிரிங்கை வெட்டலாமா?

வேண்டாம். வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் தடுப்புக் கட்டையில் இடிக்கும்.

வேளச்சேரி: முன்னால் மட்டும் ரேடியல் டயர் போட்டிருக்கிறேன். போதுமா?

போதாது, அது தவறும்கூட. முன்பக்கம் நன்றாகப் பிடிக்க, பின்பக்கம் பழைய வகையில் வழுக்கும். நான்கும் ரேடியலாக இருக்கட்டும். வாங்கும்போது டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. அது பழைய டயர்; தரையைத் தொடும் பட்டன் (மேடுபள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.